விடுப்பில் வரும்போதெல்லாம் இறங்கிக் கிடக்கும் கார் பேட்டரி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்கு அருகே வீடு, வளைகுடா நாட்டில் வேலை, ஆண்டுக்கு ஒரு முறை விடுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். சிறிய பெட்ரோல் கார் போர்ட்டிகோவில் உறை போர்த்தி நிற்கிறது. தந்தையார் எப்போதாவது அதை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார். ஒவ்வொரு முறை நீங்கள் வந்து சாவியைத் திருப்பும்போதும் 'டக் டக்' என்ற சத்தம் மட்டுமே வருகிறது. கடைக்காரர் புதிது போடச் சொன்னார், போட்டீர்கள். இப்போது இரண்டாவது பேட்டரிக்கும் அதே கதி. கோளாறு காரிலா பேட்டரியிலா, இப்போதைக்கு வண்டியைக் கிளப்புவது எப்படி, அடுத்த விடுப்பில் இது நடக்காமலிருக்க என்ன வழி என்பவை உங்கள் கேள்விகள். நாகர்கோவில் பகுதியில் வாகன மின்பணி செய்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இந்த மாவட்டத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களின் கார்கள் நிற்காத தெரு குறைவு. ஆதலால் இந்தப் பதில் வேறு பலருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் காரில் பெரிய கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பேட்டரியும் தரம் குறைந்ததாக இருக்க வேண்டியதில்லை. வண்டியை நிறுத்தி வைக்கும் முறைதான் இரண்டு பேட்டரிகளையும் கெடுத்திருக்கிறது. சாவியை எடுத்துப் பூட்டிய பிறகும் இன்றைய காரில் மின்சாரம் முழுமையாக நின்றுவிடுவதில்லை. திருட்டுத் தடுப்பு அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், எஞ்சின் கணினியின் நினைவகம் எல்லாம் சேர்ந்து பொதுவாக 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுத்துக்கொண்டே இருக்கும். இது இயல்புதான். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் மணி (ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர் மணி), ஒரு மாதத்துக்கு ஏறத்தாழ 22 ஆம்பியர் மணி செலவாகிறது. உங்களுடையது போன்ற சிறிய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர் மணி பேட்டரிதான் இருக்கும். முழு சார்ஜுடன் நிறுத்தினாலும் ஒரு மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடும். இரண்டு மாதம் தாங்காது. இதற்கு மேல், எதையும் இணைக்காமல் வைத்தாலும் பேட்டரி தானாகவே கொஞ்சம் இழக்கும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அந்த இழப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு காரிலேயே இது நடக்கும்.

பேட்டரி இறங்குவது வேறு, கெட்டுப்போவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். ஈய அமில பேட்டரி இறங்கும்போது அதன் இரு வகைத் தகடுகளின் மீதும் ஈய சல்பேட் படிகிறது. விரைவில் சார்ஜ் ஏற்றினால் அந்தப் படிவு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் இறங்கிய நிலையிலேயே விட்டால் அந்தப் படிகங்கள் பெருத்து இறுகிப்போகும். பிறகு எந்தச் சார்ஜர் போட்டாலும் அவை முழுதாகக் கரையா. ஓர் இரவு விளக்கை அணைக்க மறந்து இறங்கிய பேட்டரியைச் சார்ஜ் செய்து நெடுநாள் ஓட்டலாம். நான்கு மாதம் இறங்கிக் கிடந்த பேட்டரியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. உங்கள் முதல் பேட்டரி எந்த நிலையில் இருந்தது என்பதைச் சார்ஜ் ஏற்றிப் பார்க்காமலே மாற்றியிருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியதிலிருந்து புரிகிறது. இரண்டாவதை அப்படி விட்டுவிட வேண்டாம்.

பேட்டரியின் நிலையை அறிய, மின்னளவு காட்டும் மல்டிமீட்டர் ஒன்று போதும். எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், வீட்டில் இருக்க வேண்டிய கருவிதான். நேர் மின்சார அளவில், 20 வோல்ட் இடத்தில் வைத்து, சிவப்பு முனையை பேட்டரியின் பிளஸ் கம்பத்திலும் (டெர்மினல்) கறுப்பு முனையை மைனஸ் கம்பத்திலும் தொடுங்கள். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். உடனே பார்த்தால் மேலோட்டமான சார்ஜினால் அளவு கூடுதலாகக் காட்டும். 12.6 அல்லது 12.7 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்கு என்று ஏறத்தாழக் கொள்ளலாம், 11.9-க்குக் கீழே போனால் காலி. பார்ப்பதற்கு 12.6-க்கும் 12.0-க்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த 0.6 வோல்ட்டுக்குள்தான் பேட்டரியின் முக்கால் பங்கு சரக்கும் அடங்கியிருக்கிறது. சில பேட்டரிகளின் மேல் இருக்கும் பச்சைக் கண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஆறு செல்களில் ஒன்றே ஒன்றின் நிலையைத்தான் அது காட்டும்.

மீட்டர் கையில் இல்லாவிட்டாலும் வண்டியின் சத்தமே ஓரளவு சொல்லிவிடும். சாவியைத் திருப்பும்போது டக் டக் டக் என்று வேகமாகத் தொடர்ந்து கேட்டு, டேஷ்போர்டு விளக்குகள் மங்கினால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் இணைப்பு தளர்ந்திருக்கிறது. ஒரே ஒரு கனத்த 'டக்' மட்டும் கேட்டு, ஹெட்லைட் நன்றாக எரிந்துகொண்டிருந்தால் சந்தேகம் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் மீது போக வேண்டும். ஒரு விளக்கும் எரியாமல், ஹாரனும் அடிக்காமல் கிடந்தால் ஒன்று பேட்டரி அடியோடு காலி, அல்லது டெர்மினல் கழன்றிருக்கிறது. முதலில் பானட்டைத் திறந்து, பேட்டரிக் கம்பங்களைப் பிடித்திருக்கும் இரு கிளாம்புகளையும் கையால் அசைத்துப் பாருங்கள். பலருக்கு அந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடும். மெக்கானிக் வர அரை நாள் ஆகும் குலசேகரம், பேச்சிப்பாறை பக்கங்களில் இருப்பவர்கள் இதை அவசியம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரிமோட் பொத்தான் வேலை செய்யாமல் கதவே திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம். ரிமோட்டுக்குள் ஒரு சாதாரணச் சாவி மடக்கியோ செருகியோ வைக்கப்பட்டிருக்கும்.

இனி, வண்டியைக் கிளப்பும் வழி. இன்னொரு காரிலிருந்து ஜம்பர் கேபிள் போட்டு எடுப்பதுதான் எளிது. ஆனால் அதை ஒழுங்குமுறையோடு செய்ய வேண்டும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும், அதன் அருகே ஒரு பொறி தெறித்தால் பேட்டரி வெடிக்கக்கூடும். வெடித்தால் கந்தக அமிலம் முகத்தில்தான் படும். ஆகவே யாரும் அருகில் புகைபிடிக்கக் கூடாது. பேட்டரியின் மேல் குனிந்து நிற்கக் கூடாது. கண்ணாடி அணிந்திருந்தால் நல்லது. பேட்டரி உப்பியிருந்தாலோ, வெடித்துக் கீறல் விட்டிருந்தாலோ, அழுகிய முட்டை நாற்றம் வந்தாலோ ஜம்ப் போடும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். அமிலம் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடாமல், கேபிள் எட்டும் தூரத்தில் நிற்கட்டும். இரண்டிலும் எஞ்சின், ஏசி, விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். சிவப்புக் கேபிளின் ஒரு முனையை உங்கள் காரின் பிளஸ் கம்பத்தில் மாட்டுங்கள். மறு முனையை உதவிக்கு வந்த காரின் பிளஸ்ஸில் மாட்டுங்கள். பிறகு கறுப்புக் கேபிளை உதவிக் காரின் மைனஸ்ஸில் மாட்டி, அதன் கடைசி முனையை உங்கள் பேட்டரியின் மைனஸ்ஸில் மாட்டாமல், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத எஞ்சின் உலோகப் பகுதி ஒன்றில் கடிக்கவிடுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். அது வாயு இருக்கும் இடத்தில் பறக்கக் கூடாது என்பதற்காகவே இந்த வரிசை. உதவிக் காரை ஸ்டார்ட் செய்து ஐந்து முதல் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு உங்கள் காரை எடுங்கள். ஒரு முயற்சிக்கு ஐந்து, ஆறு விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். இடையே ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். எடுத்ததும் மாட்டிய வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றுங்கள். கழற்றும்போது ஒரு கிளிப் இன்னொன்றைத் தொட்டுவிடாமல் ஒருவர் பிடித்துக்கொள்வது நல்லது.

கேபிளைப் பற்றித் தனியே ஒரு சொல் சொல்ல வேண்டும். சாலையோரத்தில் மலிவாக விற்கும் கேபிள்களில் வெளியே ரப்பர் தடிமனாக இருக்கும், உள்ளே செம்பு மெல்லியதாக இருக்கும். அப்படிப்பட்டதில் செல்ஃப் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டம் போகாது, கேபிள்தான் சூடாகும். சிறிய பெட்ரோல் காருக்குக் குறைந்தது 16 சதுர மில்லிமீட்டர், டீசல் வண்டிக்கு 25 சதுர மில்லிமீட்டர் செம்பு இருக்கும் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: நம் ஊரில் வண்டி நின்றுவிட்டால் அவ்வழியே போகும் டிப்பர் லாரிக்காரர்களே முதலில் இறங்கி உதவ வருவார்கள். அந்த மனத்துக்கு நன்றி சொல்லுங்கள், ஆனால் அந்த லாரியிலிருந்து கேபிள் போட வேண்டாம். பெரிய லாரிகளிலும் பேருந்துகளிலும் இருப்பது 24 வோல்ட். காரின் கணினியும் மற்ற மின்னணுப் பாகங்களும் கருகிவிடும். ஹைபிரிட் கார்களையும் மின்சாரக் கார்களையும் கையேடு அனுமதிக்காமல் உதவிக் காராகப் பயன்படுத்தக் கூடாது. (அந்தக் கார்களிலும் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி உண்டு, அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் வண்டி விழிக்காது.) நெடுஞ்சாலையில், அதாவது களியக்காவிளையிலிருந்து நாகர்கோவில் வரும் 66-ஆம் எண் சாலையிலோ ஆரல்வாய்மொழிப் பக்கத்து நாற்கரச் சாலையிலோ நின்றுவிட்டால், வண்டியை ஓரத்துக்கு ஒதுக்கி, ஹசார்டு விளக்கும் எச்சரிக்கை முக்கோணமும் வைத்து, 1033 என்ற தேசிய நெடுஞ்சாலை உதவி எண்ணை அழைக்கலாம்.

தள்ளி எடுப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஏற்றமும் இறக்கமுமான நம் சாலைகளில் அந்த ஆசை எல்லோருக்கும் வரும். கியர் கையால் மாற்றும் வண்டியாக இருந்து, டேஷ்போர்டு விளக்குகள் எரியுமளவுக்காவது பேட்டரியில் மின்சாரம் இருந்தால், சாவியை ஆன் நிலையில் வைத்து, இரண்டாம் கியரில் கிளட்ச்சை மிதித்து, வேகம் பிடித்ததும் கிளட்ச்சை விட்டு எடுக்கலாம். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் இது நடக்காது. அடியோடு காலியான பேட்டரியிலும் நடக்காது. பெட்ரோல் பம்ப்பும் எஞ்சின் கணினியும் இயங்க மின்சாரம் வேண்டும். மேலும் எஞ்சின் ஓடாதபோது பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் இறுகிவிடும். மலைச்சரிவில் உருட்டிவிட்டு எடுக்க முயல்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கு புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். ஒரு முறை முயன்று பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

வண்டி எடுத்துவிட்டது என்பதாலேயே பேட்டரி நிறைந்துவிட்டது என்று கருதிவிடக் கூடாது. இங்கேதான் தந்தையாரின் ஐந்து நிமிடப் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஸ்டார்ட் செய்வதில்தான் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள், அது சரியல்ல. செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியரை இரண்டு விநாடி இழுத்தாலும் செலவு 0.1 ஆம்பியர் மணிகூட இல்லை, அதை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் ஓரிரு நிமிடத்தில் திருப்பிக் கொடுத்துவிடும். திருப்பிக் கொடுக்க முடியாமல் போவது நின்ற நாட்களின் செலவைத்தான். ஒரு வாரம் நின்றால் 5 ஆம்பியர் மணி போயிருக்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, நம் பணிமனைகளில் இன்றும் டைனமோ என்றே சொல்லப்படும் ஆல்டர்னேட்டர் தன் முழு ஆற்றலைத் தருவதில்லை; பேட்டரியும் நிறைந்துகொண்டே வரும்போது மின்னோட்டத்தைக் குறைவாகத்தான் வாங்கும். ஐந்து நிமிடத்தில் ஒரு பகுதிதான் திரும்பும், மீதி வாரந்தோறும் கடனாகச் சேரும். அதோடு எஞ்சினும் சைலன்சரும் நன்றாகச் சூடாவதற்குள் அணைத்துவிடுவதால் உள்ளே ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். ஐந்து நிமிடம் ஓடவிடுவதைவிட ஓடவிடாமலே இருப்பது மேல் என்பது என் கருத்து. ஓட்டுவதானால் வாரம் ஒரு முறை முப்பது நாற்பது நிமிடம் சாலையில் ஓட்ட வேண்டும். கருங்கல்லிலிருந்து தக்கலை வரை போய் ஒரு வேலை முடித்துத் திரும்பினால் பேட்டரிக்கும் நல்லது, டயருக்கும் பிரேக்குக்கும் நல்லது.

அடியோடு இறங்கிய பேட்டரியை ஓட்டியே நிறைக்க முயல்வதும் தவறு. அது ஆல்டர்னேட்டருக்குச் சுமை. கழற்றிக் கடையிலோ வீட்டில் தானியங்கி சார்ஜரிலோ மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவதே முறை. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் என்பது பாதுகாப்பான கணக்கு: 35 ஆம்பியர் மணி பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், பத்துப் பன்னிரண்டு மணி நேரம். அவசரம் என்று கூடுதல் மின்னோட்டத்தில் இரண்டு மணி நேரத்தில் ஏற்றித் தருகிறேன் என்று சொல்லும் கடையைத் தவிருங்கள். கழற்றும்போது மைனஸ்ஸை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது பிளஸ்ஸை முதலில் மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பானர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும். மேல்மூடிகள் திறக்கும் வகைப் பேட்டரியானால் நீர்மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் தகடுகள் மூழ்குமளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டு, சார்ஜ் ஏறிய பிறகு குறியிட்ட அளவுக்கு நிரப்புங்கள். கிணற்று நீரும் ஆர்.ஓ. நீரும் மழைநீரும் ஆகா. அமிலம் ஒருபோதும் விடக் கூடாது; ஆவியாகிக் குறைவது நீர்தான், அமிலம் அல்ல.

சார்ஜ் ஏற்றிக் கழற்றி ஓர் இரவு அப்படியே வைத்துவிட்டுக் காலையில் மீட்டரைத் தொடுங்கள். 12.5-க்கு மேல் நின்றால் நம்பிக்கை உண்டு. 10.5 வோல்ட்டில் வந்து நின்றால் ஒரு செல் உள்ளேயே ஷார்ட் ஆகிவிட்டது என்று பொருள்; ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட், ஆறில் ஒன்று போனால் கிடைப்பது அதுதான், அதற்கு மருந்து இல்லை. நன்றாக நின்றால் காரில் மாட்டி, செல்ஃப் அடிக்கும்போது அளவு எவ்வளவு இறங்குகிறது என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் மின்னழுத்தம் இருந்தும் வலு இல்லை. கடையில் கைக்கருவியால் சோதித்துப் பேட்டரி போய்விட்டது என்று காட்டினால், சோதனைக்கு முன் முழுச் சார்ஜ் ஏற்றப்பட்டதா என்று கேளுங்கள்; காலியான பேட்டரியில் செய்த சோதனையை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வோல்ட் வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் நலம். புதிய வண்டிகள் சிலவற்றில் கணினி இந்த அளவைக் கூட்டியும் குறைத்தும் மாற்றும், ஆகவே ஒரு கணம் குறைவாகத் தெரிந்ததற்காக ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடக் கூடாது.

இவ்வளவும் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் மாவட்டத்துக்கு என்று ஒரு கூடுதல் தொல்லை உண்டு, அது உப்புக்காற்று. நீரோடி முதல் கன்னியாகுமரி தாண்டிய கிழக்குக் கரை வரை கடலை ஒட்டிய ஊர்களில், குறிப்பாக இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்காற்று வீசும் மாதங்களில், பானட்டுக்குள் இருக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் உப்பு ஈரம் படிகிறது. பேட்டரியின் மேற்பரப்பில் படியும் அந்த அழுக்கு, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பிளஸ்ஸுக்கும் மைனஸ்ஸுக்கும் இடையே மெல்லிய பாதை போட்டுவிடும். இதை நீங்களே காணலாம்: மீட்டரின் கறுப்பு முனையை மைனஸ்ஸில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பிளாஸ்டிக் மேற்பரப்பில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஒன்றும் காட்டக் கூடாது. சில வோல்ட் காட்டினால் இரவும் பகலும் அந்த வழியே கசிகிறது. ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினாலே அது நின்றுவிடும்.

கம்பங்களில் வெள்ளையாகவோ நீலப்பச்சையாகவோ பூத்திருக்கும் பொடியை வெறும் கையால் தட்டாதீர்கள், அதில் அமிலமும் ஈயமும் இருக்கிறது. கையுறை போட்டுக் கிளாம்பைக் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த நீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கரையும். அந்த நீர் செல்லுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தேய்த்து, கழுவி, உலர்த்தி, கிளாம்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசுங்கள். பூசிவிட்டு இறுக்குவதைவிட இறுக்கிவிட்டுப் பூசுவதே நல்லது.

கண்ணுக்குத் தெரியும் பொடியைவிடக் கண்ணுக்குத் தெரியாத அரிப்புதான் அதிகம் ஏமாற்றும். குளச்சல் பக்கத்திலிருந்து வந்த ஒரு காரில் பேட்டரி புதிது, டெர்மினல்கள் பளபளப்பாக இருந்தன, ஆனாலும் காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. மைனஸ் கம்பத்துக்கும் எஞ்சினுக்கும் இடையே மீட்டரை வைத்துச் செல்ஃப் அடித்தபோது அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய அளவு இரண்டு வோல்ட்டைத் தாண்டியது. பேட்டரித் தட்டுக்குக் கீழே பாடியில் இறங்கும் எர்த் கேபிளின் உறையைக் கீறினால், உள்ளே செம்பு இழைகள் பச்சைத் தூளாக உதிர்ந்தன. முறியாமல் மிஞ்சியிருந்தவை சில இழைகளே. விளக்கு எரிய அவை போதும், செல்ஃப் மோட்டாருக்குப் போதா. கேபிளை மாற்றியதும் வண்டி எடுத்துவிட்டது. கழற்றி எறியப்பட்ட பழைய பேட்டரி நல்லதாகவே இருந்திருக்கக்கூடும். கருங்கல்லிலிருந்து கடல் அதிக தூரம் இல்லை. புதிய பேட்டரிக்குப் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையையும் செய்யச் சொல்லுங்கள்.

வெளியே கடைகளில் மாட்டிய பொருட்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. கூடுதல் ஸ்டீரியோ, ஆம்ப்ளிஃபையர், ஜி.பி.எஸ். டிராக்கர், முன்பக்கக் கேமரா போன்றவற்றைச் சிலர் சாவியோடு அணையாதபடி நேரே பேட்டரியிலிருந்து இணைத்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் நான் மேலே போட்ட கணக்கு இன்னும் மோசமாகும். சரிபார்க்க, எல்லாக் கதவுகளையும் மூடிப் பூட்டி, வண்டியின் கணினிகள் அடங்க அரை மணி நேரம் விட்டு, கழற்றிய மைனஸ் கேபிளுக்கும் கம்பத்துக்கும் இடையே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் இடத்தில் வைத்து அளக்க வேண்டும். 50 மில்லி ஆம்பியருக்கு மேல் நிலையாகக் காட்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, எதை உருவும்போது அளவு விழுகிறதோ அந்த வழியைப் பின்தொடர வேண்டும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடித்துவிடக் கூடாது, மீட்டர் கருகிவிடும். இதைப் பழகிய எலக்ட்ரீஷியனிடம் விடுவதே நலம்.

அடுத்த விடுப்பு வரைக்கும் என்ன செய்வது என்பதற்கு வருகிறேன். போர்ட்டிகோவில் மின் இணைப்பு இருந்தால், பேட்டரி மெயின்டெய்னர் எனப்படும் சிறிய தானியங்கி சார்ஜரை இணைத்து வைப்பதே ஆகச் சிறந்தது. நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும், இறங்கும்போது தானே கொடுக்கும். இடி மின்னல் மிகுந்த ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் அதன் பிளக்கைத் தந்தையார் கழற்றிவிட வேண்டும். அது இயலாவிட்டால் முழு சார்ஜ் ஏற்றி, 10 மில்லிமீட்டர் ஸ்பானரால் மைனஸ் கிளாம்பைக் கழற்றி, கம்பத்தைத் தொடாதபடி ஒரு துணி சுற்றி ஒதுக்கி வையுங்கள். அப்போது காரின் இழுப்பு முற்றிலும் நின்றுவிடும், பேட்டரியின் தானிழப்பு மட்டுமே மிஞ்சும். அதற்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதை எடுத்துப் போய் மீண்டும் முழுதாகச் சார்ஜ் ஏற்றிக் கொண்டுவர ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். திரும்ப மாட்டும்போது கடிகாரம், ரேடியோ, கண்ணாடி தானே ஏறும் வசதி ஆகியவற்றை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். அது சிறு வேலை. கழற்றும் முன் சாவி உங்கள் கையில் இருக்கட்டும், ரிமோட் பூட்டு அதன் பிறகு வேலை செய்யாது. மின்வெட்டு நேரத்தில் வீட்டு இன்வெர்ட்டருக்கு இந்தக் கார் பேட்டரியை மாட்டும் யோசனை யாருக்காவது வந்தால் தடுத்துவிடுங்கள். கார் பேட்டரி சில விநாடி பெரிய மின்னோட்டம் கொடுப்பதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. மணிக்கணக்கில் மின்விசிறியை ஓட்டி அடிவரை இறக்கினால் சில முறைகளிலேயே பாழாகிவிடும்.

எல்லாச் சோதனைக்குப் பிறகும் புதிதுதான் வேண்டும் என்றால், பழையதன் மேல் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே குறித்துக்கொண்டு போங்கள். 38பி20எல், 38பி20ஆர் என்று கடைசி எழுத்து மட்டும் மாறும் வகைகளில் கம்பங்களின் இடம் மாறியிருக்கும். மாற்றி வாங்கினால் கேபிள் எட்டாது, இழுத்து மாட்டினால் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் தலைகீழாகிவிடும் ஆபத்தும் உண்டு. சிக்னலில் தானே அணைந்து எடுக்கும் வசதி உள்ள வண்டிக்கு அதற்கென உள்ள வகையையே போட வேண்டும். கடையில் நீண்ட நாள் கிடந்ததை வாங்காதீர்கள். தயாரிப்புத் தேதிக் குறியைக் கேட்டு, மாட்டும் முன் உங்கள் முன்னிலையில் மீட்டரில் 12.5 வோல்ட்டுக்கு மேல் காட்டச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் விற்ற தேதியும் முத்திரையும் இருக்கட்டும். இறங்கிய பேட்டரியை உத்தரவாதத்தில் பொதுவாக மாற்றித் தரமாட்டார்கள், சார்ஜ் ஏற்றித்தான் தருவார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வெப்பமான நம் ஊரில் மூன்று நான்கு ஆண்டு உழைத்த பேட்டரி தன் கடமையைச் செய்துவிட்டது என்று கொள்ளலாம். உங்கள் இரண்டும் அந்த வயதை எட்டவே இல்லை.

பழைய பேட்டரியைக் கடையில் கொடுத்துவிட்டு அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லுங்கள். வீடு தேடி வரும் பழைய இரும்பு வியாபாரி சற்றுக் கூடுதல் விலை சொன்னாலும் அவரிடம் கொடுக்க வேண்டாம். அப்படிப் போகும் பேட்டரிகள் எங்காவது ஒரு தோப்பில் உடைக்கப்பட்டு, அமிலம் மண்ணிலும் குளத்திலும் போகும். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும் நஞ்சு. 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்தி முடித்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மேல் வைத்திருக்கின்றன. ஆகவே அதைக் கடையில் ஒப்படைத்து, பழையது பெறப்பட்டது என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.